அது நடிப்புத்தான் என்று கையெழுத்து வைத்தவர்

அமிர்தநாயகம் முதன்முதலாக வசனம் பேசி நடித்தபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. அதற்கு முன்பும் பன்னிரண்டு படங்களில் வந்திருக்கிறார். ஒன்றிலும் வாய் திறக்கவில்லை. ஒன்பதில் பிணம், இரண்டில் கூட்டத்தில் ஒருவர், ஒன்றில் தோணியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தவர்.

இந்தப் பழைய வேடங்களைப் பற்றி அவர் எனக்குச் சொன்னது 2012 பங்குனியில். மன்னாரில், பள்ளிமுனைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்துக்கு நீலப் பெயின்ற் அடித்துக்கொண்டே சொன்னார். நான் முருங்கனில் கணிதம் படிப்பிக்கிற ஆசிரியன். என்னிடம் படித்துவிட்டு யாழ்ப்பாணம் போய்ப் பட்டம் பெற்ற தக்சிகா ஒரு குறும்படம் எடுக்கப்போவதாகச் சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கோயில் திருநாளில் அவரைத் தற்செயலாகக் கண்டாளாம். "பின்னால ஆரோ 'ஐயா' எண்டு கூப்பிட்டினம் சேர். அவர் பயந்து திரும்பின விதத்தைப் பார்த்தனான். அதுதான் எனக்கு வேணும்," என்றாள்.

பிணமாகக் கிடக்க அவர் பழகியது சினிமாவில் அல்ல. 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கிய வாரம், கரையில் துப்பாக்கிச் சூடு விழுந்தபோது ஒரு வள்ளத்தின் பக்கத்தில் குப்புற விழுந்தார். காயமில்லை. எழும்பினால் சுடுவார்கள் என்று காலையிலிருந்து மத்தியானம் வரை அப்படியே கிடந்தார். இராணுவச் சப்பாத்துக் கால்கள் இரண்டு தடவை பக்கத்தால் போயின. ஒரு நண்டு காதடியில் ஊர்ந்தது. அவர் அசையவில்லை. அந்தக் கிழமையே மனைவி எடித்தையும் நான்கு வயது மகள் ஜெயந்தினியையும் கூட்டிக்கொண்டு தோணியில் இராமேஸ்வரம் போனார். பிறகு இருபது வருடம் தமிழ்நாட்டில் அகதி முகாம்.

அங்கே ஒருநாள் ஒரு முகவர் வந்து, வெள்ளத்தில் செத்தவர்களாகக் கிடக்க ஆட்கள் வேண்டும் என்று சிலரை லொறியில் ஏற்றிப் போனார். மற்றவர்களின் வயிறு ஏறி இறங்கியது. இவர் மட்டும் மூச்சே இல்லாதவர் போலக் கிடந்ததைப் பார்த்து, உதவி இயக்குநர் பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாராம். அதற்குப் பிறகு பிணம் தேவைப்பட்டால் இவரைத்தான் கேட்டு வந்தார்கள். அனுமதியில்லாமல் முகாமை விட்டு வெளியே போகக்கூடாது. அன்றைக்கென்று முகாமில் ஆள் எண்ணினால் பதிவு வெட்டுப்படும். சேற்றில் கண்ணை மூடிக் கிடக்கும்போதெல்லாம் அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"பிணத்துக்கு ஒரு வசதி இருக்கு மாஸ்டர்," என்றார் என்னிடம். "முகத்தைத் துணியால மூடிப்போடுவாங்கள். ஆளை ஆருக்கும் தெரியாது."

2010இல் அவரும் எடித்தும் ஊர் திரும்பினார்கள். மகள் முகாமிலேயே கல்யாணம் முடித்து அங்கேயே நின்றுவிட்டாள். தகரக் கூரை போட்ட ஒரு வீட்டில் இருவரும் இருந்தார்கள். தக்சிகா அங்கே போய்க் கதையைச் சொன்னாள். காணாமல்போன மகனைத் தேடி ஒரு தகப்பன் அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்குப் போகிறார். அவ்வளவுதான் படம், பதினான்கு நிமிடம்.

எடித் தேத்தண்ணி வைத்துக்கொடுத்துவிட்டு நேராகவே சொன்னார். "பிள்ளை, நாங்கள் பேசாமக் கிடந்தபடியாத்தான் இவ்வளவு காலமும் உயிரோட இருக்கிறம். இவரை விடுங்கோ."

தக்சிகா எழும்பப் போனாள். அமிர்தநாயகம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எடித், ஒருக்கா முகம் தெரியிற மாதிரி நடிக்க எனக்கு ஆசை."

அப்படி ஒரு ஆசை அவருக்கு இருந்தது எடித்துக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

படப்பிடிப்பு முருங்கனில் என்னுடைய வீட்டு முன்னறையில். பக்கத்து வீட்டாருக்குப் பள்ளிக்கூட நாடகம் என்று சொல்லியிருந்தோம். அதிகாரியாக நடிக்க வேறு ஒருவரும் சம்மதிக்காததால் நான்தான் நடித்தேன். சீருடை போட எங்களுக்குத் துணிவில்லை. வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் இருந்தேன். எனக்கு இருந்தது ஒரே வசனம்: "அப்படி ஒருத்தரும் எங்களிட்ட இல்லை."

காலையிலிருந்து பத்துத் தடவைக்கு மேல் எடுத்தும் சரிவரவில்லை. அமிர்தநாயகம் வசனத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்புவிப்பது போலச் சொன்னார். தக்சிகா களைத்துப்போனாள். இன்னொரு தடவை என்று கமெராவை ஓடவிட்டாள். நான் என் வசனத்தைச் சொல்லி முடித்த அதே நேரம் வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து வாசல் படலையடியில் நின்றது.

அறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. புலனாய்வுக்காரர் விசாரிக்க வருவது அப்படி மோட்டார் சைக்கிளில்தான். அமிர்தநாயகத்தின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்தன. என் கண்முன்னாலேயே அவருடைய முகம் வெளுத்துப்போனது. கண்களிலிருந்து தண்ணீர் தானாக ஓடத் தொடங்கியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நடிப்பை நிறுத்தினால் பிடிபட்டுவிடுவோம் என்று நினைத்தாராம். அடித்தொண்டையில் வசனத்தைச் சொன்னார்.

"இல்லையெண்டு எழுதித் தாங்கோ ஐயா. அதையாவது மனிசியிட்டக் கொண்டுபோறன்."

தக்சிகா கமெராவை நிறுத்தவில்லை. படலையைத் தட்டியவர் மின்சார மீற்றர் பார்க்க வந்தவர்.

அந்த முகம்தான் பிறகு ஊர் ஊராகப் போனது. யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் காட்டினார்கள். கனடாவில் ஒரு விழாவில் சிறந்த நடிகருக்கான பரிசு கிடைத்தது. 2013இல் படம் இணையத்துக்கு வர, மன்னாரில் கைத்தொலைபேசி வைத்திருந்த எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பேருந்தில் அவருக்கு எழும்பி இடம் கொடுத்தார்கள். சந்தையில் முன்பின் தெரியாதவர்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "மகன்ர தகவல் ஏதும் வந்ததே?" என்று கேட்டார்கள்.

"எனக்கு மகன் இல்லை. அது நடிப்பு," என்பார் அவர்.

அவர்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணிப்பார்கள். "ஓம் ஓம், விளங்குது. சொல்லாதேங்கோ."

இது அவரைக் குலைத்துப்போட்டது. இல்லாத மகனைப் பற்றி மன்னார் முழுக்கக் கதைத்தால் அது போகக்கூடாத காதுக்கும் போகும். தாடி வளர்த்தார். தொப்பி போட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். படலையடியில் எந்த மோட்டார் சைக்கிள் வேகம் குறைத்தாலும் பெயின்ற் வாளியை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விடுவார்.

இலுப்பைக்கடவையிலிருந்து ஒருநாள் இராசேஸ்வரி என்ற பெண் அவரைத் தேடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவருடைய மகன் சுஜீவன் யுத்தம் முடிந்த கிழமையில் சரணடைந்தவன். தாயே கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒப்படைத்தவர். அவனுடைய புகைப்படத்தைப் பொலித்தீன் உறைக்குள் வைத்திருந்தார். "உங்கட மகனை எந்தப் பக்கத்தால கொண்டுபோனவங்கள் அண்ணை? ரெண்டு பேரையும் ஒரே இடத்தில வைச்சிருப்பாங்களோ எண்டு கேக்க வந்தனான்," என்றார். அமிர்தநாயகம் உண்மையைச் சொன்னார். இராசேஸ்வரி தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பிப் போனார். அந்த மனிசி ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பேன் என்று அமிர்தநாயகம் பிறகு சொன்னார்.

ஆவணியில் அவர் பயந்திருந்தது நடந்தது. காலை பத்து மணிக்கு, சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். செவ்வாய்க்கிழமை தங்களுடைய விசாரணைக் கந்தோருக்கு வரச் சொல்லி ஒரு துண்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் அவர் பேருந்து ஏறி முருங்கனுக்கு என்னிடம் வந்தார். "மாஸ்டர், நீங்களும் நடிச்சனீங்கள் தானே. நீங்கள் படிச்ச ஆள். கூட வந்து, இது நாடகம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

தவணைப் பரீட்சை இருக்கிறது என்றேன். பரீட்சை இருந்தது உண்மை. ஆனால் காரணம் அதுவல்ல. அவருக்கும் அது விளங்கியது. "ஓம், பிள்ளையளின்ர சோதினை முக்கியம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை என்று எழுதினால் அது ஒரு சமாதானம் மாதிரி இருக்கும். சாப்பிட்டேன். அடுத்த செவ்வாயும் பள்ளிக்கூடம் போனேன்.

பிடித்து வைத்துவிட்டால் என்று எடித் ஒரு பையில் சாரம், பற்பசை, இரத்த அழுத்தக் குளிசை எல்லாம் வைத்துக் கொடுத்தார். இருவரும் கந்தோர் வாசல் வரை ஒன்றாகப் போனார்கள். எடித்தை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

உள்ளே இருந்த அதிகாரி இளைஞர். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். தேத்தண்ணி வந்தது. மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. அதில் அமிர்தநாயகத்தின் அழுத முகம் அப்படியே நிறுத்தப்பட்டிருந்தது. தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர், அதிகாரியை 'மாத்தயா', அதாவது ஐயா, என்று சொல்லிச் சிங்களத்திலிருந்து மொழிபெயர்த்தார்.

"மாத்தயா கேக்கிறார், உங்கட மகன் எங்க?"

"எனக்கு மகன் இல்லை ஐயா. ஒரு மகள் மட்டும்தான். இந்தியாவில இருக்கிறா." முகாம் பதிவுத் தாளை எடுத்து நீட்டினார். அதில் மூன்று பெயர்கள் இருந்தன. அதிகாரி வாசித்துவிட்டு ஒரு பக்கம் வைத்தார்.

"பதியாத பிள்ளையும் இருக்கலாம் தானே எண்டு கேக்கிறார். படம் எடுக்கச் சொல்லி வெளிநாட்டில ஆர் சொன்னது எண்டும் கேக்கிறார்."

"அந்தப் பிள்ளை தானா எடுத்தது. நான் நடிச்சனான், அவ்வளவுதான்."

அதிகாரி சிரித்துக்கொண்டு ஏதோ நீளமாகச் சொன்னார். பொலிஸ்காரர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "மாத்தயா நிறையப் பேர் அழுததைப் பாத்திருக்கிறாராம். பிள்ளையைத் துலைக்காத ஒராள் இப்பிடி அழ ஏலாதாம்."

தன்னுடைய நடிப்பைப் பற்றி ஒருவர் நேருக்கு நேர் சொன்ன முதல் பாராட்டு அதுதான் என்று அமிர்தநாயகம் பிறகு சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. சாரத்தின் மடிப்புக்குள் இரண்டு கைகளையும் நெருக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நடிப்பெண்டா இப்ப நடிச்சுக் காட்டட்டாம்."

எழும்பி நின்றார். கண் காய்ந்துபோயிருந்தது. அழாவிட்டால் மகன் இருக்கிறான் என்று ஆகிவிடும். வாசலில் எடித் பையோடு நிற்கிறார். ஒரு சொட்டும் வரவில்லை.

"ஐயா, படத்தில அதிகாரி சொல்லுற ஒரு வசனம் இருக்கு," என்றார் பொலிஸ்காரரிடம். "அதை நீங்கள் சொன்னாத்தான் எனக்கு வரும்."

பொலிஸ்காரர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையாட்டினார். பொலிஸ்காரர் தாளை வாசிப்பது போலச் சொன்னார். "அப்படி ஒருத்தரும் எங்களிட்ட இல்லை."

வரவில்லை. இன்னொருக்கா என்று கெஞ்சினார். இரண்டாவது தடவை அந்த மனிதர் அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னார். எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை உண்மையாகச் சொன்ன வசனமாக இருக்க வேண்டும். குரல் பழகிய குரலாக வந்தது. அமிர்தநாயகத்துக்குக் கண்ணீர் வந்தது. அழுதபடி தன் வசனத்தைச் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் அழுகையை நிறுத்த முடியவில்லை. பொலிஸ்காரர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஹொந்தய்," என்றார் அதிகாரி. நல்லது என்று அர்த்தம். பிறகு சிங்களத்தில் ஒரு தாள் தட்டச்சு செய்து நீட்டினார்கள்.

"என்ன எழுதியிருக்கு ஐயா?"

"உங்களுக்கு மகன் இல்லை. படத்தில அழுதது நடிப்பு. நாட்டில நடந்த ஒண்டையும் அது காட்டேல்லை."

"கடைசி வசனத்தை நான் சொல்லேல்லை, மாஸ்டர்," என்று அவர் என்னிடம் சொன்னது எத்தனை தடவை என்று தெரியாது. "ஆனா பேனையை நீட்டினாங்கள்."

கையெழுத்து வைத்தார். அதிகாரி எழும்பி வந்து, அவருடைய தோளில் கையைப் போட்டுத் தன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தார். சிரிக்கச் சொன்னார். சிரித்தார். வெளியே வந்ததும் எடித்தின் கையைப் பிடித்துக்கொண்டு மதிலோரம் இருந்துவிட்டார். அரை மணித்தியாலம் எழும்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் யாரோடும் கதைக்கவில்லை. கொழும்பிலிருந்து ஒரு படத்துக்கு ஆள் வந்து கேட்டபோது, அவர் ஊரில் இல்லை என்று எடித் சொல்லி அனுப்பினார். அவர் உள்ளறையில் இருந்தார். கையெழுத்து வைத்த தாளின் பிரதி அவரிடம் இல்லை. பொலிஸ்காரர் சொன்னதைவிட அதில் வேறு ஏதும் எழுதியிருக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். சொன்னது மட்டும்தான் எழுதியிருந்தால் அதுவும் பயம்தான். நடந்த ஒன்றையும் காட்டவில்லை என்று அவர் பெயரில் ஒரு தாள் இருக்கிறது. அதை எங்கே, யாருக்கு, எப்போது காட்டுவார்களோ.

2014 சித்திரையில் இராசேஸ்வரி மறுபடி வந்தார். காணாமல்போனவர்கள் பற்றி விசாரிக்கும் குழு ஒன்று மன்னாருக்கு வருவதாகவும், தான் சாட்சி சொல்லப் போவதாகவும் சொன்னார்.

"நீங்கள் கூட வரவேணும் அண்ணை."

"நான் நடிகன், தங்கச்சி. அண்டைக்கே சொன்னனான். என்ர மகன் எண்டு ஒருத்தனும் இல்லை."

"தெரியும். தெரிஞ்சுதான் கூப்பிடுறன்." இராசேஸ்வரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அஞ்சு வருசமா எல்லா இடமும் ஏறி இறங்கிட்டன். எனக்கு இப்ப அழுகை வருகுதில்லை. வத்திப்போச்சு. போன முறை விசாரிச்சவர், பாடமாக்கின மாதிரிச் சொல்லுறா எண்டு பக்கத்து ஆளிட்டச் சொன்னார். எனக்குக் கேட்டது. தனியப் போக எனக்குப் பயமாக்கிடக்கு."

அமிர்தநாயகம் எடித்தைப் பார்த்தார். எடித் வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தாராம். எடித் சுவரைப் பார்த்துக்கொண்டு, "தேதியைக் கேளுங்கோ," என்றார்.

இந்த முறை என்னைக் கேட்கவில்லை. நானாகவே போய் மண்டபத்துக்குள் பின்வரிசையில் இருந்தேன். வாசலில் இரண்டு பேர், வருகிறவர்கள் எல்லோரையும் படம் பிடித்தார்கள். என் முகத்தைப் பிடித்தபோது கீழே பார்த்துக்கொண்டு நடந்தேன். முன்மேசையின் ஓரத்தில் மொழிபெயர்க்க இருந்தவர் அதே பொலிஸ்காரர் என்று அமிர்தநாயகம் எனக்குக் கண்ணால் காட்டினார். அமிர்தநாயகத்தின் சேட்டு முதுகு முழுக்க நனைந்திருந்தது.

இராசேஸ்வரி சொன்னார். நாள், இடம், என்ன நிறச் சேட்டு, மகனின் கையை எந்த இடத்தில் விட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. குழுவில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதை யாராவது சொல்லித்தந்தார்களா என்று கேட்டார்.

பக்கத்தில் துணைக்கு இருந்த அமிர்தநாயகம் எழும்பினார். எழும்பச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.

"ஐயா, நான் ஒண்டு சொல்லலாமே? நான் படத்தில நடிச்சவன். பிள்ளையைத் துலைக்காதவன். நான் அழுதன், எல்லாரும் நம்பினவை. இவ அழேல்லை. ஆனா இவ சொல்லுறது உண்மை." நின்றார். மூச்சு வாங்கினார். மேசை விளிம்பைத் தேடிய கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. "என்ர கையெழுத்துப் போட்ட தாள் ஒண்டு ஒரு கந்தோரில இருக்கு. அழுதது நடிப்புத்தான். ஆனா நடந்த ஒண்டையும் அது காட்டேல்லை எண்டு அதில இருக்கிற கடைசி வசனம் நான் சொன்னதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கோ."

பொலிஸ்காரர் குனிந்திருந்தார். எதையாவது விட்டுவிடுவார் என்று நினைத்தேன். எனக்கும் கொஞ்சம் சிங்களம் தெரியும். அவர் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தார்.

எழுதிக்கொண்டார்கள். சுஜீவன் கிடைக்கவில்லை. இன்றுவரை ஒரு கடிதமும் வரவில்லை. இராசேஸ்வரி இன்னும் கந்தோர்களுக்குப் போய்வருகிறார். அமிர்தநாயகமும் எடித்தும் அடுத்த இரண்டு மாதம் பையைக் கதவடியில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளுக்குக் காத்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதும் தெரியவில்லை. அதனால் அந்தப் பயம் தீர்ந்தது என்று சொல்ல முடியாமலே போனது.

அந்த வருட முடிவில் கொழும்புப் படத்துக்குச் சம்மதித்தார். பிறகு ஆறு வருடத்தில் ஐந்து படம், ஒரு தொலைக்காட்சித் தொடர். தொடரில் மருமகளிடம் ஏச்சு வாங்கும் கிழவன் வேடம். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு அதுதான் பிடித்தது. "சிரிக்கிறவங்கள் வந்து ஒண்டும் கேக்க மாட்டாங்கள்," என்றார். எந்தப் படப்பிடிப்பிலும் கதவைப் பூட்ட விடமாட்டார். கமெரா ஓடத் தொடங்குமுன் வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். இதெல்லாம் பெரிய நடிகரின் பழக்கம் என்று இளம் பெடியள் நினைத்துக்கொண்டார்கள்.

2018இல் சென்னையில் எடுத்த ஒரு படத்தில் வேடம் கிடைத்தது. கடவுச்சீட்டுப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் பெயின்ரர் என்று போடச் சொன்னார் எடித். அவர் நடிகர் என்று போட்டார். எழுத்துக் கோணியதால் இரண்டாவது படிவம் வாங்க வேண்டியிருந்தது. சென்னை விமான நிலையத்தில் அதிகாரி அவருடைய முகத்தையும் கடவுச்சீட்டையும் மாறிமாறிப் பார்த்தபோது, பழைய முகாம் பதிவைக் கேட்பார்கள் என்று பயந்தாராம். கேட்கவில்லை. முத்திரையைக் குத்தித் தந்தார்கள்.

மூன்றாம் நாள் மகள் ஜெயந்தினி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு படப்பிடிப்பு நடந்த தெருவுக்கு வந்தாள். எட்டு வருடத்துக்குப் பிறகு தகப்பனைக் காண்கிறாள். அரிதாரம் பூசி, விளக்கு வெளிச்சத்தில், சுற்றிவர நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க நின்ற அவரின் கையைப் பிடித்தாள். கை ஈரமாகக் குளிர்ந்திருந்தது.

"அப்பா, இன்னும் பயமே?"

"ஓம் பிள்ளை," என்றாராம். "ஆனா வந்தனான் தானே."